குழலுக்குக் கறள் ஏற்றிய கிழமை

8 நவம்பர் 2014, சனி
மழை. காலையில் தலைக்கு எண்ணெய் வைத்தேன், முழுகமுதல் பெரிய நிபுணர் மாதிரி மகள் மது செய்கிற துவக்கின் குழலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தேன். எண்ணெய் பட்டால் கறள், அதாவது துரு, பிடிக்காதென்று அவள் துடைத்து வைத்தது. பின்னேரம் வந்து, இரும்புக்கு நிறமேறக் கறள் பிடிக்க வைக்கும் தண்ணீர் பூசி, குளியலறையில் தொங்கவிட்டாள். இரவு இங்கேயே தங்கல்.

9 ஞாயிறு
குழல் முழுக்க அழகான கறள், நாலு விரலடையாளம் தவிர.
“அப்பா, தொட்டனீங்களோ?”
“இல்லையே.”
குனிந்து என் தலையை மணந்தாள். “நல்லெண்ணெய்.”
எல்லாவற்றையும் திரும்ப மணல் கடதாசியால் உரஞ்ச வேண்டும். இரண்டு பேரும் குசினி மேசையில். அவள் பாரிசை விட்டு கூசேன்வில் புது வீட்டுக்குப் போனபிறகு போனில் ‘சாப்பிட்டியா’, ‘ஓம்’, அவ்வளவுதான். இப்போது வாறாள். எங்கள் குளியலறைக்கு யன்னல் இல்லை, ஆவி நிற்கும், கறளுக்கு நல்லதாம். இத்தனை வருசம் அதை வீணாகத் திட்டியிருக்கிறேன்.
மனைவி வசந்தி: “துவக்குக்குப் பயந்து ஓடி வந்த மனுசன், இஞ்சை இருந்து துவக்குச் செய்யிறார்.”
மது: “அம்மா, இது பழங்காலத்துச் சாமான். வாய்க்குள்ள வெடிமருந்தைக் கொட்டி, குண்டை இடிச்சு இறக்கோணும். நான் ஒருக்கா சுடமுதல் நீங்கள் புட்டு அவிச்சிடுவியள்.”

12 புதன்
குளிர். வாங்க: பழந்துணி, அப்பச்சோடா, வ.வுக்கு இருமல் மருந்து. ரூ பெர்தொனே தமிழ்க் கடையில் வடை. மது வேலை முடிந்து நேரே வந்தாள், வடை ஆறமுதல். மூன்றாம் பூச்சு. என் பழைய வேட்டித் துண்டால் கறளைத் தேய்த்தபடி, தலை நிமிராமல் சொன்னாள்: “புது வீட்டில முதல் கிழமை அழுதனான், அப்பா. ஒருத்தருக்கும் சொல்லேல்லை.”
“கறள் சமனா வந்திருக்கு” என்றேன். தகப்பன் சொல்கிற பதில்.
போகும்போது மிச்ச வடையைப் பையில் வைத்துவிட்டேன்.

14 வெள்ளி
மழை விட்டது. குழல் இப்போது புளியங்கொட்டை நிறம். வ. அப்பச்சோடா கரைத்து ஆயத்தம், அதை ஊற்றினால் கறள் நின்றுவிடும். பிறகு எண்ணெய், வேலை முடிந்தது.
மது யன்னலடியில் குழலைத் திருப்பித் திருப்பி: “செ பொன், சரியோ அப்பா? நிறம் காணுமோ?”
கண்ணாடி போட்டேன். டொக்டர் மாதிரி இழுத்து இழுத்துப் பார்த்தேன்.
“நுனியில கொஞ்சம் வெளிறல். இன்னும் ஒரு பூச்சுப் பூசுவம்.”
“அப்ப ஞாயிறு வாறன்.”
வ. என்னைப் பார்த்தாள், அப்பச்சோடாச் சட்டியை மூடினாள்.
நிறம் புதன்கிழமையே சரி. அதைச் சொல்லவில்லை.