நாலாம் வார்த்தையை நான் எடுத்துக்கொண்டேன்

சபைக் கமிட்டி சண்டைக்காரி என்று பேர் வைத்த என் செல்ல அம்மாவுக்கு,

இன்று பெரிய சனி. நேற்று சிலுவை முடிந்தது, நாளை விடிந்தால் ஈஸ்டர். நடுவில் இந்த ஒரு நாளுக்கு நம் சபையில் ஆராதனையும் இல்லை, பாட்டும் இல்லை. நீ இல்லாத முதல் பெரிய சனி. உனக்கு ஒரு சேதி வைத்திருக்கிறேன். நாலாம் வார்த்தையை நேற்று நான் பேசிவிட்டேன்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள். இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளையும் பெரிய வெள்ளியன்று ஏழு பேர் பேசுவது நம் வழக்கம். ஆறு வார்த்தை ஆண்களுக்கு. மூன்றாவது மட்டும் பெண்ணுக்கு, ஏனென்றால் அதில்தான் ஓர் அம்மா வருகிறாள். தாயைப் பார்த்து, இதோ உன் மகன் என்று சொல்கிற வார்த்தை.

அண்ணன் குவைத்துக்குப் போன வருஷத்திலிருந்து அது உனக்கு. ஆந்திர எல்லையிலிருக்கிற நம் நகரியில் தறிக்கூலி கட்டுப்படியாகாமல் தெருவுக்கு நாலு பேர் பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டிருந்த காலம் அது. மகனை அனுப்பிவிட்டு நிற்கிற நீ பேசினால் சபையே அழும். அவர்களுக்கு அது பிடித்திருந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தின வருகையின் ஞாயிறுகளில் கிறிஸ்துவுக்குக் காத்திரு என்றார்கள், நீ அண்ணனுக்கும் சேர்த்துக் காத்திருந்தாய். ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்கள் வந்தால் பொறுத்துக்கொள் என்றார்கள். வருஷம் சுற்றிச் சுற்றி வந்தது, நம் பங்குக்குக் காத்திருப்பதும் பொறுப்பதும்தான் வந்தது.

அப்புறம் அண்ணன் பெட்டியில் வந்தான். சாரத்திலிருந்து விழுந்தான் என்றது ஒரு போன், வெயில் தாங்கவில்லை என்றது இன்னொரு போன். அடக்கம் முடிந்து அடுத்த லெந்துவில் செயலாளர் சாலமோன் மாமா பழையபடி வந்து உன்னை மூன்றாம் வார்த்தையைப் பேசக் கேட்டார்.

"எம் மவன் எங்க கீறான்னு நான் காட்டறது? எனுக்கு நாலாவது குடுங்க" என்றாய். ஏன் என்னைக் கைவிட்டீர் என்று இயேசு கேட்கிறாரே, அது.

"அது கஷ்டமான வசனம்மா. அர்த்தம் சொல்லத் தெரியணும். பொம்பளிங்களுக்கு மூணாவதே சரி."

"அவுரு கேள்விதானே கேட்டாரு? நீங்க இன்னாத்துக்கு வருஷா வருஷம் பதில் சொல்லிக்கினு கீறீங்க?"

அன்றிலிருந்துதான் சண்டைக்காரி. கடைசி வரைக்கும் கேட்டாய், தரவில்லை. போன டிசம்பரில், வருகையின் ஞாயிறு நடக்கும்போதே போய்விட்டாய். காத்திருந்தது போதும் என்று தோன்றிவிட்டதா அம்மா?

ஆறு நாளுக்கு முன், குருத்தோலை ஞாயிறன்று மாமா என்னைத் தேடி வந்தார். "உங்கம்மா வார்த்தைய இனிமே நீதான் பேசணும்" என்றார்.

"எங்கம்மா கேட்டது நாலாவது மாமா. அத குடுங்க, பேசறேன்."

"சரே, நீயும் ஆரம்பிச்சிட்டியா?" என்று எழுந்து போய்விட்டார். நாலாவது வழக்கம்போல அவருக்கே.

நேற்று மூன்றாம் வார்த்தையை வேறொரு அக்கா பேசி முடித்தாள். பாட்டு நின்றது. மாமா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் எழுந்து முன்னால் போய் மைக்கைப் பிடித்துக்கொண்டேன். "உக்காரும்மா" என்று மாமா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். பாஸ்டர் ஐயா என்னைப் பார்த்தார், பிறகு தலையைக் குனிந்துகொண்டார். அது சம்மதம்தான் என்று நானே வைத்துக்கொண்டேன்.

"எங்கண்ணன் தாவீது பொழைக்கத்தானே போனான். ஏன் ஆண்டவரே கைவிட்டீர்? எங்கம்மா சாவற வரிக்கும் இத கேட்டுக்கினே இருந்தா. அன்னிக்கு இயேசுவுக்கே பதில் வரல. அதனால நானும் பதில் சொல்லப் போறதில்ல" என்றேன். அவ்வளவுதான், வந்து உட்கார்ந்துவிட்டேன்.

பின் வரிசையிலிருந்து ராஜம்மா அக்கா எழுந்தாள். அவள் பெண் மஸ்கட்டில் வீட்டு வேலைக்குப் போய் எந்தச் சேதியும் இல்லாமல் இருக்கிறாளே, அந்த ராஜம்மா. "எம் பொண்ணு ஏன் ஆண்டவரே போன் எடுக்க மாட்டேங்கிறா?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தாள். அம்மா, நீ அதைக் கேட்டிருக்க வேண்டும்.

வெளியே வந்ததும் மாமா பிடித்துக்கொண்டார். "விசுவாசம் கீறவ பேசற பேச்சா இது?"

"விசுவாசம் இல்லாதவ யாரக் கேப்பா மாமா?"

சாயந்திரமே கமிட்டியிலிருந்து ஆள் வந்தது. சபை முன்னால் மன்னிப்புக் கேட்டால்தான் நாளை நான் பாடகர் குழுவில் நிற்கலாமாம்.

கேட்க மாட்டேன். விடியற்கால ஆராதனைக்குப் போவேன், முதல் வரிசையில் நின்று உயிர்த்தெழுந்தார் என்று எல்லாரையும்விட உரக்கச் சொல்வேன். அதை நம்புகிறேன், அம்மா. ஆனால் கேள்வியை வாபஸ் வாங்க மாட்டேன். ஒவ்வொரு பெரிய வெள்ளியும் எழுந்து நின்று கேட்பேன், இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு. உயிர்த்தெழுந்தவர் கையிலேயே ஆணித்தழும்பு அப்படியே இருந்ததே. என் கேள்வியை மட்டும் ஏன் மூடச் சொல்கிறார்கள்?

தாவீதின் தங்கச்சி, சண்டைக்காரி மகள்,
எஸ்தர்