ஜாராவைக் கொண்டுபோக ஆள் அனுப்பிய மகளுக்கு

தொம்மலூர், பெங்களூரு
ஞாயிறு மதியம்

அன்பு மகள் ஸ்னேஹாவுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நடமாடிக்கொண்டிருக்கிறேன், வலது முழங்கால் மட்டும் வீங்கிக் கிடக்கிறது. நீயும் டப்ளினில் சுகமாகத்தான் இருப்பாய், சுகமில்லாதவர்களுக்கு அவ்வளவு தூரத்திலிருந்து அப்பன் வீட்டுக்குள் ஆள் அனுப்பத் தெம்பு இருக்காது. வெள்ளிக்கிழமையிலிருந்து விடாமல் போன் செய்கிறாய், நான் எடுக்கவில்லை. எடுத்தால் கத்துவேன், நீ பாதியில் வைத்துவிடுவாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். நாய் உயிரோடு இருக்கிறது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது எதுவும் உன் மண்டையில் ஏறாது.

வெள்ளிக்கிழமை காலை இந்திராநகரில் ஒரு பழைய கட்டடத்தில் லிஃப்ட் நின்றுவிட்டதென்று கூப்பிட்டார்கள். ரிட்டயர் ஆனவன் என்றாலும் அந்த மாதிரி லிஃப்ட்டுக்கு என்னைத்தான் தேடுகிறார்கள், போனேன். வழக்கம்போல வீட்டுச் சாவியை மாடி வீட்டுச் சரளாவிடம் கொடுத்துவிட்டு, மதியம் ஜாராவைக் கொஞ்சம் வெளியே விட்டுக் கட்டம்மா என்று சொல்லிவிட்டுப் போனேன். திரும்பி வந்தால் கதவு திறந்து கிடக்கிறது, சரளா படியில் உட்கார்ந்து அழுகிறாள், அவள் கையில் ஜாராவின் கழுத்துப்பட்டை. பட்டை அறுபடவில்லை, பக்கிளும் போட்டபடியே இருந்தது. உள்ளே இருந்த கழுத்துதான் இல்லை. பக்கத்தில் ஒரு பையன், எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து வேன் கொண்டுவந்தவனாம், பரத் என்று பெயர் சொன்னான். "அங்கிள், ஸ்னேஹா மேடம்தான் அனுப்பினாங்க, நாயை வேற வீட்டுக்கு மாத்தறோம், உங்களுக்கும் தெரியும்னுதான் சொன்னாங்க" என்கிறான். எனக்குத் தெரியுமா, ஸ்னேஹா? சரளாவுக்கும் நீ போன் செய்து அதையேதான் சொல்லியிருக்கிறாய். அப்பா ஒத்துக்கிட்டாரு ஆன்ட்டி, கதவைத் திறந்து விடுங்க என்று. உன்னைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவள், நம்பித் திறந்துவிட்டாள்.

ஏன் இப்படிச் செய்தாய் என்பதையும் அந்தப் பையனே காட்டினான். நாய்களைக் காப்பாற்றுகிற அவர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் நீ எழுதியதைப் படித்தேன். வயசான அப்பா, நாயைப் பார்த்துக்கொள்ளத் தெரியவில்லை, பட்டினி போடுகிறார், விலா எலும்பு தெரிகிறது, தயவுசெய்து யாராவது காப்பாற்றுங்கள். கீழே வீடியோ காலில் எடுத்த ஜாராவின் படம், அதற்குக் கீழே முன்பின் தெரியாதவர்கள் என்னைத் திட்டி எழுதியிருந்த வார்த்தைகள். ஒருவர் என்னைப் போலீஸில் கொடுக்க வேண்டும் என்கிறார். அதற்கும் நீ இதயம் போட்டிருக்கிறாய். ஏம்மா, அது முதோள் நாய், வேட்டை ஜாதி. அப்போது நீ இருந்த வைட்ஃபீல்ட் ஃப்ளாட்டில் வைத்துக்கொள்ள அழகாக இருக்கும் என்று முதோளுக்கே போய் வாங்கி வந்தவள் நீதானே, வாங்கும்போது அது என்ன ஜாதி என்று ஒருத்தரிடமும் கேட்கவில்லையா? முயலைக் கண்ணால் பார்த்து விரட்டிப் பிடிக்கிற உடம்பு அது. நெஞ்சு ஆழமாக இருக்கும், வயிறு முதுகோடு ஒட்டியிருக்கும், கடைசி விலா எலும்புகள் தெரியத்தான் வேண்டும். டாக்டர் சுந்தரேசன் முதல் நாளே என் கையைப் பிடித்து அதன் விலாவில் வைத்துக் காட்டி, "சார், இது கைக்குத் தட்டுப்படலைன்னாதான் நீங்க கவலைப்படணும், லாப்ரடார் மாதிரி ஊட்டிடாதீங்க" என்றார். தினமும் காலையில் ராகியும் கோழியும், சாயங்காலம் முட்டையும் தயிர்ச்சோறும் தின்கிறது. நான் தின்பதைவிட நல்ல சாப்பாடு. ஒரு தடவை கேட்டிருந்தால் இதைச் சொல்லியிருப்பேன், ஒரே ஒரு தடவை.

அந்தப் பையன் மேல் எனக்குக் கோபமில்லை, அவன் நல்லது செய்வதாக நினைத்துத்தான் வந்திருக்கிறான். ஆனால் புது ஆள் தொட்டால் அந்த நாய் கடிக்காது, குரைக்காது, விலகிப் போகத்தான் பார்க்கும் என்பது அவனுக்குத் தெரியாது. பிடித்து இழுத்திருக்கிறான். அதற்குத் தலை கழுத்தைவிட ஒல்லி, பின்னால் ஒரு எட்டு வைத்தால் சாதாரணப் பட்டை உருவிக்கொண்டு வந்துவிடும். அதனால்தான் வெளியே போகும்போது இறுகிக்கொள்கிற அகலப் பட்டையைப் போடுவேன், அது ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. உருவிக்கொண்டு ஓடிவிட்டது. நம் சந்து முனையில் எப்படி வண்டி வரும் என்று உனக்குத் தெரியும். நான் செருப்புகூட மாற்றாமல் வேலை உடுப்போடு கிளம்பினேன். ஃப்ளைஓவருக்குக் கீழே பூ விற்கிற அம்மா, "நாயி ஆ கடே ஹோய்த்து", நாய் அந்தப் பக்கம் போச்சு என்று ராணுவக் குடியிருப்புப் பக்கம் கை காட்டினாள். ரோட்டைக் கடக்கும்போது பஸ் ஒன்று அதை அடிக்கப் பார்த்து பிரேக் போட்டதாகவும் சொன்னாள். அதைக் கேட்டு அங்கேயே அவளுடைய கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். பிறகு எழுந்து நடந்தேன். இருட்டும்வரை அந்தச் சுற்றுச்சுவர் நெடுக நடந்தேன், ஒரு சாக்கடைப் பலகையில் கால் இடறி விழுந்தேன், முழங்கால் அப்படித்தான் வீங்கியது. நீ அந்த நேரமெல்லாம் எனக்கு அனுப்பிய மெசேஜ்களைப் பிறகு பார்த்தேன். ஜாரா கிடைத்ததா, ஜாரா கிடைத்ததா என்றுதான் எல்லாமும்.

மறுநாள் விடிந்ததும் திரும்பப் போனேன். குடியிருப்புக்குப் பின்னால் புல் வளர்ந்த காலி இடத்தில் நின்றுகொண்டிருந்தது. என்னைப் பார்த்தது, ஆனால் வரவில்லை. பயந்துபோன இந்த நாயை ஆள் துரத்தினால் அது இன்னும் ஓடும், மனுஷன் காலால் அதைப் பிடிக்க முடியாது. அதனால் கூப்பிடாமல், அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஈரப் புல்லில் உட்கார்ந்தேன். ரொம்ப நேரம் ஒன்றும் நடக்கவில்லை. உன் அம்மா போனபின் நான் இவ்வளவு நேரம் ஜெபித்ததில்லை. அப்புறம் தோளுக்குப் பின்னால் மூச்சு கேட்டது, மூக்கு வந்து என் காதில் இடித்தது. நடுங்கிக்கொண்டிருந்தது. உடம்பில் கொழுப்பில்லாத ஜாதி, நம் ஊர்ப் பனியே அதற்குத் தாங்காது. சட்டையைக் கழற்றிச் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தேன். தொடையில் கம்பி கிழித்துத் தோல் நீளமாகப் பிளந்திருந்தது, அதற்குத் தோல் காகிதம் மாதிரி. டாக்டர் தையல் போட்டார். இந்த மாதிரி ஒல்லி நாய்களுக்கு மயக்க மருந்து பார்த்துத்தான் கொடுக்க வேண்டுமாம், அது கண் திறக்கிறவரை என்னைப் பக்கத்திலேயே இருக்கச் சொன்னார். இருந்தேன். இப்போது தடித்த மெத்தையில் படுத்திருக்கிறது, வெறும் தரையில் விட்டால் முழங்கையில் புண் வந்துவிடும்.

கடைசியாக நீ அனுப்பியதையும் படித்தேன், கிறிஸ்மஸுக்கு வந்து ஜாராவை டப்ளினுக்கே கூட்டிக்கொண்டு போகிறாயாம். முடியாது. டப்ளின் கிளம்பும்போது நீ அதைக் கொண்டுவந்து விட்ட அன்று நான் வேண்டாம் என்றேன், ஆறு மாதம்தான் அப்பா என்றாய், இரண்டு கிறிஸ்மஸ் போய்விட்டது. இனி அது எங்கேயும் போகாது. அதைத் திட்டினால் ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாது, பழகின ஒரே ஆள் இல்லாவிட்டால் மூலையைப் பார்த்துப் படுத்துக்கொள்ளும். ஒரு தடவை அதை நீ விட்டுவிட்டுப் போனபோது அது படுத்த படுக்கையை நான் பார்த்திருக்கிறேன், இன்னொரு தடவை பார்க்க மாட்டேன். உன்னிடம் அனுமதி கேட்டு இதை எழுதவில்லை, தெரிவிக்கிறேன். அந்தக் குரூப்பில் நீ எழுதியதை நீயே எடுத்துவிடு, எடுத்துவிட்டு உண்மையையும் எழுது. நான் பட்டினி போடுகிறவன் இல்லை என்று எனக்காக எழுத வேண்டாம், நாளைக்கு வேறு யாரோ ஒரு முதோள் நாயை இதே மாதிரி "காப்பாற்ற" வேன் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடக் கூடாதே, அதற்காக எழுது.

கிறிஸ்மஸுக்கு நீ வருவதை நான் தடுக்கவில்லை, இது உன் வீடுதான். ஆண்டவர் உன் வேலையையும் உடம்பையும் காக்கட்டும், நீ போகிற வழியெல்லாம் நல்ல மனுஷர்களை உனக்குக் காட்டட்டும், கோபத்திலும் இந்த ஜெபத்தை நான் ஒரு நாளும் விட்டதில்லை. குளிரில் வெறும் காதோடு வெளியே போகாதே.

ஒன்றே ஒன்று மறக்காதே. சரளாவுக்குப் போன் செய். மெசேஜ் அனுப்பாதே, பேசு. அப்பாவுக்குத் தெரியும் என்று சொன்னது பொய், ஆன்ட்டி என்று உன் வாயால் சொல். நேற்று எனக்குக் குழம்பு கொண்டுவந்தவள் வாசல் படியிலேயே வைத்துவிட்டு, உள்ளே வராமல், என் முகத்தைப் பார்க்காமல் மாடியேறிப் போய்விட்டாள். எவ்வளவோ சொன்னேன், என் பேச்சு அவளுக்கு ஏறவில்லை. நாயை நான் தேடிக் கூட்டி வந்துவிட்டேன், அவளை நீதான் கூட்டி வர வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
கிளெமென்ட்