ஓடைப் பாலத்து வளைவில் நான் சாய்ந்த பக்கம்

ஏரிக்காட்டுத் தோட்டம்,
திருச்செங்கோடு வட்டம்.
2-9-85

என் கண்ணான மகன் அர்த்தநாரிக்கு அம்மா சௌந்திரம் ஆசீர்வாதத்தோடு எழுதுவது. இங்கே நான், உன் அப்பா, தங்கை சாரதாமணி, போன வாரம் கன்று போட்ட எருமை வரை எல்லோரும் சுகம். ராய்ப்பூர்ச் சீமையில் நீயும் உன்னோடு போர் போடுகிற ரிக் வண்டியில் வேலை செய்யும் பிள்ளைகளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று மலையைப் பார்த்து தினமும் கும்பிட்டுக்கொள்கிறேன்.

ஆடி கடைசியில் நீ போட்ட கடிதம் கிடைத்தது. வழக்கம்போல முதல் வரியிலேயே அம்மா கை எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தாய். மூன்று வருடமாக நீ போடுகிற ஒவ்வொரு கடிதமும் அந்தக் கேள்வியோடுதான் வருகிறது, நானும் பரவாயில்லை சாமி என்று ஒரே வரியில் எழுதி அடுத்த சேதிக்குத் தாவிவிடுவேன். இந்தத் தடவை அப்படித் தாவ முடியவில்லை. இதைக் கூட இருக்கிற பிள்ளைகள் முன்னால் பிரிக்காதே, தனியாகப் போய் உட்கார்ந்து படி. பயப்படாதே, யார் உடம்புக்கும் ஒன்றும் இல்லை. உன் அம்மா யோக்கியதையைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

முதலில் உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன், சிரிக்காதே. நான் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டேன். உன் அப்பாவுக்கு சித்திரையிலிருந்து இடுப்பு பிடித்துக்கொண்டு சைக்கிள் மிதிக்க முடியவில்லை. ஆறரை மணிக்குள் பால் சொசைட்டிக்குப் போய்ச் சேராவிட்டால் கேனைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். சாரதாமணிக்கு அதே நேரத்தில் டீச்சர் டிரெயினிங்குக்கு பஸ் பிடிக்க வேண்டும். அவள்தான் பிடிவாதம் பிடித்து ஒரு டி.வி.எஸ். 50 வாங்க வைத்தாள், ஞாயிற்றுக்கிழமைகளில் கடலைக் களத்தில் வைத்து எனக்குக் கற்றுக்கொடுத்தவளும் அவள்தான். நாற்பத்தாறு வயதில் சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு நான் களத்தைச் சுற்றி வந்த அழகைப் பார்க்க பக்கத்துக் காட்டுப் பண்ணையாட்கள் எல்லாம் வேலியோரம் வந்து நின்றார்கள். சின்ன வயதிலிருந்து மாட்டு வண்டி ஓட்டிய கை அல்லவா, நிறுத்த வேண்டும் என்றால் தன்னால் பின்பக்கம் இழுக்கிறது. மாடென்றால் நிற்கும். இது ஆக்சிலேட்டர் முறுக்கிக்கொண்டு இன்னும் வேகமாகப் பாய்கிறது, நான் ஹோ ஹோ என்று கத்திக்கொண்டே வைக்கோல் போரில் போய் முட்டினேன். அது மாடில்லீங்கம்மா, கயித்த இழுக்கற மாதிரி இழுக்காதீங்க என்று சாரதாமணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்புறம் இரண்டு கல்லை வைத்து எட்டுப் போடச் சொன்னாள். கல்லில் ஏற்றிவிடக் கூடாது என்று நான் கல்லையே பார்ப்பேன், வண்டி நேராகக் கல்லிலேயே போய் ஏறும். கல்ல பாக்காதீங்க, போகவேண்டிய எடத்தப் பாருங்க, கண்ணு போற பக்கந்தான் வண்டி போகும் என்றாள். அப்படிப் பார்த்த பிறகு கை தன்னால் திரும்பியது. வளைவு வருவதற்கு முன்னாலேயே பிரேக் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட வேண்டும், வளைவுக்குள் போய்ப் பிடித்தால் மண்ணில் சறுக்கும், முழங்கையை விறைப்பாக வைக்கக் கூடாது என்று ஒன்றொன்றாகச் சொல்லிக்கொடுத்தாள். என் இடது மணிக்கட்டு கோணலாகக் கூடிவிட்டதால் அந்தப் பக்கத்து பிரேக்கைப் பிடிக்கச் சிரமம், அதற்கும் ஒரு வழி பண்ணினாள்.

மூன்றாவது ஞாயிறு அவள் என் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். ஆளை வைத்துக்கொண்டு திரும்புவது எனக்குப் பயமாக இருந்தது. நீங்க சாயற பக்கமே நானும் சாயறனுங்க, அப்பத்தான் வண்டி திரும்பும், பின்னால இருக்கறவங்க எதிர்ப்பக்கம் சாஞ்சா ஓட்டறவங்க எவ்வளவு கெட்டிக்காரங்களா இருந்தாலும் வண்டி திரும்பாதுங்க என்றாள். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். நான் வண்டியை நிறுத்திவிட்டு முகம் கழுவுகிற சாக்கில் கிணற்றுமேட்டுக்குப் போய்விட்டேன். ஏன் என்று உனக்குத் தெரியும். அன்றைக்கு, மூன்று வருடத்துக்கு முன்னால் அந்த வைகாசி மாதத்தில், உனக்கு நிச்சயம் பண்ணச் சேலை எடுத்துக்கொண்டு திருச்செங்கோட்டிலிருந்து கிளம்பும்போது நீயும் இதையேதான் சொன்னாய். அம்மா, வளைவுல நான் சாயற பக்கமே நீங்களும் விட்டுக்குடுங்க, என்னை மட்டும் இழுத்துராதீங்க என்றாய். நானும் சரி சாமி என்றேன்.

சொல்லிவிட்டுச் செய்தது என்ன என்று நானே என் கையால் எழுதுகிறேன், நீ ஒருநாளும் உன் வாயால் சொல்லவில்லை. மடியில் சேலைப் பையை வைத்துக்கொண்டு ஒரு பக்கமாகக் காலைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். ஓடைப் பாலத்து வளைவில் நீ ராஜ்தூத் மோட்டார் சைக்கிளை வலப்பக்கம் சாய்த்துத் திருப்பினாய். இடப்பக்கம் பார்த்து உட்கார்ந்தவளுக்கு முதுகுப்பக்கமாகக் கவிழ்கிற மாதிரி இருந்தது. மாட்டு வண்டி ஒரு பக்கம் சாய்ந்தால் ஏறியிருப்பவர்கள் எல்லோரும் மறுபக்கம் நகர்ந்து உட்காருவோமே, அந்த வழக்கத்தில் நான் முழு உடம்பையும் இடப்பக்கம் தள்ளினேன், உன் இடது முழங்கையையும் பிடித்து இழுத்தேன். அதற்கப்புறம் நீ என்ன செய்ய முடியும். வண்டி திரும்பாமல் நேராக இடப்பக்கத்துக் கற்றாழை வேலிக்குள் போய் விழுந்தது. நீ வேகமாக வரவில்லை. குடித்திருக்கவும் இல்லை, காலையிலிருந்து என்னோடு இரண்டு இட்லியும் ஒரு சர்பத்தும்தான் சாப்பிட்டிருந்தாய். இத்தனையும் எனக்குத் தெரியும்.

எதிரில் செங்கோடன் டீக்கடையில் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். சேதி தெரிந்து உன் அப்பா ஓடி வந்தார். என்னடா ஆச்சு என்று அவர் கேட்டபோது நீ என் முகத்தைப் பார்த்தாய். நான் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தேன். கை தவறிப் போச்சுங்கப்பா என்று நீ சொன்னாய். அந்தப் பத்துப் பேர் முன்னால், பெத்தவளப் பத்தரமாக் கூட்டியாரத் தெரியாதவனுக்கு வண்டி ஒரு கேடா, சாவியக் கீழ வெச்சுட்டுப் போடா என்று அவர் கத்தினார். நீ குனிந்து சாவியைப் பெஞ்சின் மேல் வைத்துவிட்டு நடந்தாய். அழுகையோடு அழுகையாக ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. மறுநாளே உன் காளியாத்தாள் அத்தை, பெற்ற தாயையே தள்ளிவிட்டவனை நம்பித் தன் மகள் கண்ணாத்தாளைக் கொடுக்கமாட்டேன் என்று நிச்சயத்தை நிறுத்திவிட்டாள். குடித்துவிட்டு ஓட்டினான் என்று யாரோ ஒருவர் சொன்னது ஊர் முழுக்கப் பரவியது. இரண்டு மாதத்தில் நீ ரிக் வண்டி ஏறிப் போய்விட்டாய்.

ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்கமாட்டாய், நானே சொல்கிறேன். முதல் நாள் பயத்தில் சொல்லவில்லை. அதற்குப் பிறகு சொல்லாததுக்குப் பயம் காரணம் இல்லை. கையில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டியிருந்த ஆறு வாரமும் உன் அப்பா எனக்குத் தட்டில் சோறு பிசைந்து கொடுத்தார், வெந்நீர் காய வைத்தார், ஒருநாள் தலை கூடச் சிக்கெடுத்துவிட்டார். கல்யாணம் ஆகி இருபத்தைந்து வருடத்தில் சாப்பிட்டாயா என்று ஒரு வார்த்தை கேட்காத மனுஷர். நான்தான் தப்பு என்று சொல்லிவிட்டால் அது நின்றுபோகும் என்று எனக்குள் ஓர் எண்ணம் இருந்தது. அந்தச் சுகத்துக்காக வாயை மூடிக்கொண்டிருந்தேன் சாமி. இதை எழுதும்போது என் முகம் எரிகிறது. அப்புறம் கட்டு அவிழ்த்தார்கள், அவரும் பழையபடி ஆகிவிட்டார், அதற்குள் நீ போயிருந்தாய். என் கோணல் கையைப் பார்க்கிறவர்களெல்லாம் பையன் செஞ்ச வேலை என்று உச்சுக்கொட்டுவார்கள், நானும் ஆமாம் என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல் முந்தானையால் கையை மூடிக்கொள்வேன்.

களத்தில் சாரதாமணி சொன்ன பிறகும் ஒரு மாதம் வாயைத் திறக்கவில்லை, அவ்வளவு கெட்டியானவள் உன் அம்மா. போன செவ்வாய்க்கிழமை சொசைட்டியில் பாலை ஊற்றிவிட்டுத் திரும்பும்போது காளியாத்தாள் அத்தை தூக்குப் போசியில் முறுக்கோடு நின்றுகொண்டிருந்தாள். பெருந்துறையில் கண்ணாத்தாளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, பார்க்கப் போகிறாள், மெயின் ரோட்டில் இறக்கிவிடச் சொல்லி ஏறிக்கொண்டாள். நான் மெதுவாகத்தான் போனேன், பாலத்துக்கு முன்னாலேயே பிரேக் பிடித்தேன், வளைவின் அந்தக் கடைசியைத்தான் பார்த்தேன். வண்டி வலப்பக்கம் சாய்ந்ததும் அத்தை ஐயோ என்று கத்தி மறுபக்கம் சாய்ந்து என் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். இரண்டு பேரும் அதே கற்றாழை ஓரத்தில் மண்ணில் போய் உட்கார்ந்தோம். வேகம் இல்லாததால் அடி இல்லை, முறுக்குதான் சிதறியது. டீக்கடையில் இருந்தவர்கள் ஓடி வந்து தூக்கினார்கள். தாயும் மவனும் ஒரே கை, ஒருத்தருக்கும் வண்டி ஓட்டத் தெரியாது என்று அத்தை கத்தினாள். எனக்கு வந்த கோபத்தில், நாத்தனார் என்றும் பார்க்காமல், ஏனுங்க நங்கை, வண்டி சாயற பக்கம் சாயாம எதிர்ப்பக்கம் சாஞ்சு கையையும் புடிச்சு இழுத்துப்போட்டு என்னையவா சொல்றீங்க, யாரு ஓட்டுனாத்தான் வண்டி திரும்பும் என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. மூன்று வருடத்துக்கு முன்னால் இதே இடத்தில் நீ என்னைக் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. உனக்கு வாய் இல்லாமலா கேட்கவில்லை. எனக்கு ஒரு நிமிஷம் கூடப் பொறுக்க முடியாத பழியை நீ மூன்று வருடமாகச் சுமந்துகொண்டிருக்கிறாய்.

அன்றைக்கு எப்படி வீடு வந்தேன் என்று தெரியவில்லை. உன் அப்பா எருமைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். அவர் பக்கத்தில் போய் நின்று ஒன்று விடாமல் சொன்னேன், சோறு பிசைந்து போட்டதைக் கூடச் சொன்னேன். அவர் எருமையைப் பிடித்துக் கட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். இரண்டு நாள் என்னோடு பேச்சே இல்லை, சாரதாமணி கையால்தான் சாப்பிட்டார். மூன்றாம் நாள் காலையில் வந்து, எங்கிட்டச் சொன்னாப் போதுமா, நான் அவனை வஞ்சது டீக்கடைல, கெளம்பு என்றார். இடுப்பு வலியோடு அவர் முன்னால் நடக்க நான் பின்னால் போனேன். பெண்பிள்ளை டீக்கடையில் போய் நின்று பேசுவது நம் பக்கம் வழக்கம் இல்லை. செங்கோடன் டம்ளரைக் கழுவுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தான். எம் பையன் அன்னிக்கு ஒழுங்காத்தான் ஓட்டுனான், நாந்தான் எதிர்ப்பக்கம் சாஞ்சு அவன் கையப் புடிச்சு இழுத்தேன், என் கை ஒடிஞ்சது என்னாலதான் என்று சத்தமாகவே சொன்னேன். உன் அப்பா தலையைக் குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். எத்தனையோ கோபம் பார்த்திருக்கிறேன், அவர் வெட்கப்பட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை, அதுவும் என்னால். அத்தை வீட்டுக்கும் போனேன். அவள், எம் புள்ளையப் பெருந்துறைல குடுத்தாச்சு, இனி என்னத்தச் சொல்லி என்ன ஆகப்போகுது என்றாள். அது உண்மைதான். அதை நான் எந்தக் கடையில் போய் நின்று சொன்னாலும் உனக்குத் திருப்பித் தர முடியாது.

மன்னித்துவிடு என்று நான் கேட்கவில்லை. கேட்டால் நீ யோசிக்காமல், விடுங்கம்மா என்று எழுதிவிடுவாய், உன்னை எனக்குத் தெரியாதா. ஒரு வருத்தம் மட்டும் இருந்தால் மறைக்காமல் எழுது, திட்ட வேண்டுமானாலும் திட்டி எழுது, நான் வைத்துப் படிப்பேன். கை எப்படி இருக்கிறது என்று மட்டும் இனிமேல் கேட்காதே.

இந்த வருடம் ஆடி மழை பரவாயில்லை, கடலை பூப் பிடித்திருக்கிறது. அங்கே தண்ணீரைக் காய்ச்சிக் குடி, வெயிலுக்கு லாரிக்கு அடியில் படுத்துத் தூங்காதே, சனிக்கிழமை தவறாமல் எண்ணெய் வைத்துத் தலைக்கு ஊற்றிக்கொள். தீபாவளிக்கு லீவு கேட்டுப் பார் சாமி. திருச்செங்கோடு பஸ் ஸ்டாண்டுக்கு நானே வண்டி எடுத்துக்கொண்டு வருகிறேன். அங்கிருந்து நீ ஓட்டு, நான் பின்னால் உட்கார்ந்து வருகிறேன். நீ எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அந்தப் பக்கம்தான் சாய்வேன், உன் கையைத் தொடமாட்டேன்.

நூறு வயது நோய் நொடி இல்லாமல், தலை நிமிர்ந்து நடந்து, நல்லபடியாக இரு. இதற்கு ஒரு வரியாவது பதில் போடு.

உன் அம்மா,
வெ. சௌந்திரம்

ஒட்டுவதற்கு முன்னால் உன் அப்பா வந்து, எழுதிட்டியா என்று கேட்டார். நீங்கள் ஏதாவது எழுதுகிறீர்களா என்று கேட்டேன். அவருக்கு எழுத வரவில்லை. மூன்று வருடமாகப் பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்த ராஜ்தூத் சாவியை எடுத்து, வாசல் நிலையில் நீ எப்போதும் மாட்டுகிற ஆணியில் மாட்டிவிட்டு, அதை மட்டும் எழுதச் சொன்னார்.