குழிக்கும் பசிக்கும்

ஜூலை 8, திங்கள்

இரண்டாம் வகுப்புக்கு உரக்குழி தோண்டியாயிற்று. தோட்டத்தில் இடமில்லை, அது தலைமை ஆசிரியையின் ரோஜாக்களுக்கு. சைக்கிள் நிறுத்துமிடத்துக்குப் பின்னால் ஒரு மூலைதான் கிடைத்தது. மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று தொண்டை வறளக் கத்தினேன். ஒரு முகத்திலும் அசைவில்லை. கடைசியில், "இந்தக் குழிக்கும் பசிக்கும். நாமதான் ஊட்டணும்" என்றேன். வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது.

ஜூலை 11, வியாழன்

மூன்றாம் வகுப்பு டீச்சர் காபி குடித்த காகிதக் கோப்பையைக் குழியில் எறிந்துவிட்டுப் போகிறார். கேட்டால், "சின்னப் பசங்க விளையாட்டுக்கு இவ்ளோ கெடுபிடியா?" இவருக்கு யார் பாடம் எடுப்பது?

ஜூலை 16, செவ்வாய்

வாசலில் ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். மகனின் சாப்பாட்டு டப்பா இப்போதெல்லாம் காலியாக வருகிறதாம். "என்ன மாயம் பண்ணீங்க மிஸ்?" எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் பூரித்துப்போனேன்.

ஜூலை 19, வெள்ளி

நாற்றம். பெருச்சாளி வேறு.

ஜூலை 22, திங்கள்

பட்டாணி இன்று விளையாட்டு நேரத்தில் மயங்கி விழுந்தாள். வகுப்பிலேயே சின்ன உருவம், அதனால் அந்தப் பெயர். முகத்தில் தண்ணீர் தெளித்து, "சாப்பிட்டியாம்மா?" என்றேன்.

"குழிக்குக் குடுத்துட்டேன் மிஸ். பாவம், எவ்ளோ பெருசா வாயைத் தெறந்து வெச்சிருக்கு!"

ஓடிப்போய்க் குச்சியால் கிளறினேன். ரொட்டி, அவித்த முட்டை, கடிக்காத ஆப்பிள். பட்டாணி மட்டுமில்லை, பாதி வகுப்பு தங்கள் சாப்பாட்டை ஊட்டியிருக்கிறது! அந்த அம்மாவிடம் நான் பூரித்ததை நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

தலைமை ஆசிரியை மூக்கைப் பொத்திக்கொண்டே சொன்னார்: "வெள்ளிக்கெழமைக்குள்ள நாத்தம் போகணும். இல்லைன்னா மண்ணைப் போட்டு மூடிடுவேன்."

வீட்டில் கணவரிடம் சொன்னால் விழுந்து விழுந்து சிரிக்கிறார். ஒரு குழந்தை பட்டினி கிடந்திருக்கிறது, இதில் என்ன சிரிப்பு?

ஜூலை 23, செவ்வாய்

உண்மையைச் சொல்லிவிட்டேன். குழிக்கு வயிறு கிடையாது, பசி கிடையாது. மண்ணில் இருக்கும் புழுவும் கண்ணுக்குத் தெரியாத உயிர்களும்தான் பழத்தோலையும் சருகையும் தின்று உரமாக்குகின்றன. சமைத்ததைக் கொட்டினால் அழுகிப்போகும்.

பட்டாணி எழுந்து நின்றாள். "அப்ப நீங்க பொய் சொன்னீங்களா மிஸ்?"

கதை, விளையாட்டு என்று மழுப்பியிருக்கலாம். "ஆமா" என்றேன்.

மதியம் எல்லாரும் ஒழுங்காகச் சாப்பிட்டு டப்பாவைக் காலி செய்தார்கள். என் முகத்தை மட்டும் யாரும் பார்க்கவில்லை.

ஜூலை 24, புதன்

அழுகியதையெல்லாம் நான் ஒருத்தியே வாளியில் அள்ளினேன். எத்தனை சோப்புப் போட்டாலும் கை நாறுகிறது. ஜன்னலில் வரிசையாகத் தலைகள். "வாங்கடா, சருகு பொறுக்கலாம்" என்று கூப்பிட்டேன்.

"அது வெறும் குழிதானே மிஸ்."

குழி போனா போகட்டும். இந்தப் பசங்க இனிமே நான் சொல்றதை நம்புமா? மரம், தண்ணி, காத்துன்னு வருஷம் பூரா பாடம் கெடக்கே! எல்லாத்தையும் நானே கெடுத்துக்கிட்டேன் — ஏன் எனக்கு இந்த வாய்?

ஜூலை 25, வியாழன்

பட்டாணி வந்து இடுப்பில் கைவைத்து நின்றாள். "புழு எங்க? காட்டுங்க."

பயந்துகொண்டே ஓரத்து ஈரமண்ணைத் தோண்டினேன். நல்லவேளை, ஒன்று நெளிந்தது. குத்தவைத்து வெகுநேரம் பார்த்தாள்.

"இது முட்டை திங்காதா?"

"முட்டை வேணாம். தோலும் சருகும் போதும்."

விறுவிறுவென்று வகுப்புக்கு ஓடினாள். கொஞ்ச நேரத்தில் வகுப்பே வந்து குவிந்தது. புழுவைப் பார்க்க அடிதடி. பிறகு சட்டையிலும் பாவாடையிலும் சருகை அள்ளிக்கொண்டு வந்து, "தள்ளுங்க மிஸ்!" என்று என்னை இடித்துத் தள்ளிவிட்டுக் கொட்டினார்கள்.

ஜூலை 26, வெள்ளி

தலைமை ஆசிரியை குனிந்து மோந்து பார்த்தார். "ம்ம்... இருக்கட்டும்." ஒரு நல்ல வார்த்தை வரவில்லை. ரோஜா இலையை யார் பறித்தது என்று மட்டும் விசாரணை நடக்கிறது.

ஆகஸ்ட் 2, வெள்ளி

மதியம் பட்டாணி சாப்பிட்டு முடித்துவிட்டு, வாழைப்பழத் தோலோடு குழியருகே போனாள். தோலைக் கிழித்துப் போட்டு, மேலே சருகைத் தூவிவிட்டுக் குழியிடம் சொன்னாள்: "இன்னிக்கு இவ்ளோதான். சாப்ட்டுட்டுத் தூங்கு."

திரும்பினால், பின்னால் நான்.

"அதுக்குக் காது இல்லைன்னு எனக்கும் தெரியும் மிஸ்" என்றாள். "சும்மா சொன்னேன்."