முதலில் வாயை வெட்டு

அக்கா,

உள்ளே விளக்கேற்றி வைத்த பூசணிக்காயின் மூடி, கொஞ்ச நேரத்தில் அடிப்பக்கமாகக் கருகத் தொடங்கும். பச்சைக் காயும் புகையும் கலந்த, சற்றே இனிப்பான மணம் அது. ஒக்டோபர் முடியும் வாரத்தில் நோர்பரியில் நம் தெருவில் வீட்டுக்கு வீடு அந்த மணம்தான். இன்று பின்னேரம் உங்கள் வாசலில் அது என்னை நிறுத்திவிட்டது. உங்கள் மகள் துஷி கதவைத் திறந்து, "வாங்கோ அங்கிள், சப்பாத்தோடயே வாங்கோ. கீழ முழுக்கப் பூசணிச் சோறும் விதையும்" என்றாள். நீங்கள் போன பிறகு இந்த வீட்டுக்கு வரும் முதல் ஹலோவீன்.

கூடத்தில் பழைய பேப்பர் விரித்திருந்தது. உங்கள் பேத்தி நிலா காயில் முகம் வரைந்து முடித்துவிட்டு, சின்னக் கத்தியைக் கண்ணில் குத்தப் போனாள்.

"கண் இல்லை. முதல்ல வாய்," என்றாள் துஷி.

"வொய்?" என்று கேட்டாள் நிலா.

"அம்மம்மா அப்பிடித்தான் வெட்டுவா."

சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள். "உண்மையா எனக்கும் தெரியாது அங்கிள். ஏன் வாய் முதல்ல? அண்டைக்கு நான் சாக்குப் போட்டுக்கொண்டு வந்து நிக்க, அம்மாவுக்கு என்ன நடந்தது? நீங்களும் நிண்டனீங்கள்தானே."

வாழ்நாள் முழுக்கக் கேள்வி கேட்டுச் சம்பாதித்தவன் நான். இந்தக் கேள்வி ஒருநாள் என்னிடம் வரும் என்று தெரிந்தே இருந்தேன். தெரிந்திருந்தும் முதலில் தண்ணீர் கேட்டேன். அவள் கொண்டு வரும் வரைக்கும் நீங்கள் சுவாமிப் படங்கள் வைக்கும் பலகைத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உங்கள் படத்துக்கு மாலை போட்டிருக்கிறாள். பக்கத்தில் உங்கள் அண்ணாவின் படம், எப்போதும்போல மாலை இல்லாமல்.

பிள்ளைகள் பேய் வேடம் போட்டு வீடு வீடாக இனிப்புக் கேட்கும் இந்தப் பண்டிகையில் உங்களுக்குப் பிரியம் இருந்ததா என்று நான் கேட்டதில்லை. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்தீர்கள். அங்கே பிள்ளைகளுக்காகக் காய் வெட்டப் பழகினீர்கள். துஷிக்கு அது பிடித்தது. அவ்வளவு போதும் உங்களுக்கு. கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு மாற்றி, நாலரைக்கே இருட்டத் தொடங்கும் அந்த வாரத்தில், தெருவிலுள்ள பிள்ளைகள் எல்லோரும் உங்கள் கூடத்தில்தான் இருப்பார்கள். என் மகள் அபியும் அங்கேதான். கீழே விரிக்க நான் வேலை செய்த வாரப் பத்திரிகையின் பழைய இதழ்களைக் கொண்டு வருவேன். என் தலைப்புச் செய்திகளுக்கு மேல் விதையும் நாரும் குவியும். "உம்மட பேப்பர் இதுக்காவது உதவட்டும் தம்பி" என்பீர்கள்.

இந்த ஊர்ப் பூசணியைப் பற்றி உங்களுக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. "தண்ணிக் காய். முகம் வெட்டத்தான் உதவும்" என்று திட்டிக்கொண்டே, சுரண்டிய சதையை எல்லாம் தேங்காய்ப்பாலில் வேகவைத்து வீட்டுக்கு வீடு கொடுத்தனுப்புவீர்கள். பக்கத்து வீட்டு வின்ஸ்டன், ஜமேக்காவிலிருந்து வந்து பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற மனிதர், வெறும் கிண்ணத்தோடு வேலிக்கு அந்தப் பக்கம் முன்கூட்டியே நிற்பார். காய்க்குள் வைக்கக் கடை மெழுகுதிரி வாங்க மாட்டீர்கள். கார்த்திகை விளக்கீட்டுக்கு வாங்கி வைத்த மண் சிட்டிகளில் எண்ணெய் விட்டு ஏற்றுவீர்கள். தீபாவளியும் அதே நாட்களில் வந்தால் அந்தச் சிட்டிகளே இரண்டுக்கும் வேலை செய்யும்.

வெட்டும்போது உங்களுக்கு இரண்டு சட்டங்கள் இருந்தன. "கத்தி பிள்ளையைப் பார்க்கக் கூடாது, வெளியாலதான் பார்க்கோணும்" என்பது ஒன்று. அதன் காரணம் எல்லோருக்கும் தெரியும். மற்றது: "முதல்ல வாயை வெட்டு." வாய் திறந்த பிறகுதான் கண். ஒருமுறை அபி அவசரப்பட்டுக் கண்களை முதலில் வெட்டிவிட்டாள். நீங்கள் அந்தக் காயை வாங்கிச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தீர்கள். கத்தியால் வாயைக் கிழித்த பிறகுதான் அவளிடம் திருப்பித் தந்தீர்கள். பல் கோணலாகிவிட்டது என்று அவள் முகத்தைச் சுருக்க, "எங்கட ஊர்ப் பல் அப்பிடித்தான்" என்று சிரித்தீர்கள். எல்லோரும் சிரித்தோம். நானும் ஒன்றும் யோசிக்கவில்லை.

அடுத்த வருடம் வந்தது அந்தப் பின்னேரம்.

துஷியும் அபியும் ஏதோ இரகசியமாகத் திட்டமிட்டிருந்தார்கள். பின்கதவால் இருவரும் வெளியே போனதை நான் கண்டேன். உடுப்பு மாற்றப் போகிறார்கள் என்று நினைத்தேன். நீங்கள் கூடத்தில் மற்றப் பிள்ளைகளோடு இருந்தீர்கள். மணி அடித்தது. கையில் கத்தியோடே எழுந்து போய்க் கதவைத் திறந்தீர்கள். நான் இனிப்புக் கிண்ணத்தோடு உங்களுக்குப் பின்னால் நின்றேன்.

வாசலில் ஒரு சின்ன உருவம். அரிசி வந்த சணல் பையைத் தலையில் கவிழ்த்து, கழுத்தில் நைலோன் கயிற்றால் கட்டியிருந்தது. இரண்டு ஓட்டைகள் மட்டும். தோட்டங்களில் குருவி விரட்ட நிறுத்தும் பொம்மை வேடம் அது என்று பிறகு அபி சொன்னாள்.

"ஆர் இது?" என்று கேட்டீர்கள். குரலில் இன்னும் சிரிப்பு இருந்தது.

இரண்டு ஓட்டைகளும் உங்களையே பார்த்தன.

"டொபி வேணுமோ?"

அந்தத் தலை மெதுவாக மேலும் கீழும் ஆடியது.

உங்கள் தோள் இறுகியதைப் பின்னாலிருந்து பார்த்தேன். அதற்குள் கூடத்துப் பிள்ளைகள் நடைக்கு ஓடி வந்துவிட்டார்கள். அவர்களுக்கு அது நல்ல விளையாட்டு. ஒருவன் முன்னால் குதித்து, "என்னையோ பிடிக்க வந்தனீ?" என்றான். சாக்கு அவன் பக்கம் திரும்பி ஆடியது. "அப்ப என்னை?" என்றாள் இன்னொருத்தி. மறுபடியும் ஆடியது. ஒருவர் பின் ஒருவராக வரிசையில் வந்து, சிரித்துச் சிரித்துக் கேட்டார்கள்.

"ஒருத்தரும் முன்னால வராதையுங்கோ!"

அது உங்கள் குரல் என்று எனக்கு உடனே பிடிபடவில்லை. இடது கையை விரித்துப் பிள்ளைகளைச் சுவரோடு தள்ளினீர்கள். வலது கையில் கத்தி, முனை வாசலைப் பார்த்தபடி. "ஆட்டாத," என்றீர்கள் அந்த உருவத்திடம். "ஒருத்தரையும் காட்டாத."

தாயின் குரலைக் கேட்டுத் துஷி பயந்துவிட்டாள். சாக்கைக் கழற்றப் பார்த்தாள். இழுக்க இழுக்கக் கயிறு இறுகியது. ஓட்டைகள் கண்ணை விட்டு விலகின. உள்ளே ஒன்றும் தெரியாமல் கைகளை நீட்டிக்கொண்டு கத்தியை நோக்கியே ஒரு எட்டு வைத்தாள். "அம்மா! அம்மா, நான்!"

நீங்கள் அசையவில்லை. எனக்கும் உங்களுக்கும் இடையில் பிள்ளைகள். எட்டி உங்கள் கையைப் பிடித்தால் கத்தி எங்கே போகும் என்று தெரியாது. "அக்கா, அது துஷி" என்றேன். "துஷி, அக்கா."

பிறகு உங்கள் கை மெல்ல இறங்கியது. மகளுக்கு முன்னால் முழங்காலில் இருந்தீர்கள். முடிச்சில் நகத்தை வைத்துப் பார்த்தீர்கள். அபி இரட்டை முடிச்சாகப் போட்டிருந்தாள், அவிழவில்லை. பிள்ளை மூச்சுக்கு இழுத்தது.

"கத்தியை என்னட்டத் தாங்கோ."

"வேண்டாம். நான் வெட்டுறன்."

கயிற்றுக்கும் கழுத்துக்கும் நடுவில் இரண்டு விரலை விட்டு, அலகை வெளிப்பக்கம் திருப்பி, ஒரே இழுப்பில் அறுத்தீர்கள். சாக்கைக் கழற்றினீர்கள். வியர்த்து நனைந்த முகம். அவளைக் கட்டிக்கொண்டு ஓசையில்லாமல் அழுதீர்கள். அந்த வீட்டில் ஹலோவீன் அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

நீங்கள் கண்ணைத் துடைத்தீர்கள். சாக்கைக் கூடத்துப் பலகையில் விரித்தீர்கள். அதே கத்தியால், இரண்டு ஓட்டைகளுக்கும் கீழே, காதுக்குக் காது ஒரு வாய் வெட்டினீர்கள். திரும்பவும் துஷியின் தலையில் போட்டுவிட்டீர்கள், கயிறில்லாமல்.

"இனிப் போ. ஆர் கேட்டாலும் வாயால பதில் சொல்லு. தலையாட்டாத."

பக்கத்து வீட்டில் வின்ஸ்டன், இது எந்தப் பேய் என்று ஆங்கிலத்தில் உரக்கக் கேட்டதும், சாக்கின் கிழிசலிலிருந்து "நான் துஷி!" என்று பதில் போனதும் நமக்குக் கேட்டது.

நீங்கள் மாடிப்படியில் அமர்ந்தீர்கள். "நீர் பேப்பர்காரன், கேட்காமல் போக மாட்டீர்," என்றீர்கள். நான் கேட்கவே இல்லை. நீங்களே சொன்னீர்கள்.

"ஊரில ஆமிக்காரங்கட சுற்றிவளைப்பு. எல்லாரையும் மைதானத்தில இருத்தினாங்கள். ஒவ்வொருத்தரா ஜீப்புக்கு முன்னால நடக்கோணும். ஜீப்புக்குள்ள சாக்குப் போட்டு ஒருத்தன். ரெண்டு ஓட்டைதான். அவன் தலையை ஆட்டினா அந்த ஆளை ஒரு பக்கமாக் கொண்டு போவாங்கள். அண்ணாக்கு ஆட்டினான்."

தலையாட்டி. அந்தச் சொல்லை நான் செய்திகளில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். ஆளைத் தெரியுமா என்று மட்டும் கேட்டேன்.

"கண்ணைத் தெரியும். அண்ணாவோட ஒரே கோப்பையில சாப்பிட்டவன். அவன்ர கண்ணால தண்ணி ஓடினது தம்பி. அவனுக்கு என்ன செய்து கொண்டு வந்தாங்களோ. ஒரு வாயை வெட்டி விட்டிருந்தா, ஏலாது எண்டு சொல்லியிருப்பான்."

"பேப்பரில போடாதையும்" என்றீர்கள். சரி என்றேன். "துஷிக்கு நான் உயிரோட இருக்கேக்க சொல்ல வேண்டாம். அவளுக்கு இந்த நாள் விளையாட்டாவே இருக்கட்டும். பிறகு, அவளாக் கேட்டா, சொல்லும். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்."

இன்று அவளாகக் கேட்டாள், அக்கா.

தண்ணீரைக் குடித்துவிட்டுச் சொன்னேன். நிலாவின் காதில் விழாத குரலில், நீங்கள் சொன்ன ஒழுங்கிலேயே சொன்னேன். துஷி கையிலிருந்த பூசணி விதைகளை விரலால் நசுக்கிக்கொண்டே கேட்டாள். மாமா காணாமல் போனவர் என்று அவளுக்குத் தெரியும். எப்படி என்று தெரியாது. "அப்ப நான் ஒவ்வொரு பிள்ளைக்கும் தலையை ஆட்ட..." என்று தொடங்கினாள்.

"உனக்கு எட்டு வயது" என்றேன்.

"அவன்? அந்த ஆள்?"

"பிறகு என்ன ஆனான் எண்டு அம்மாவுக்கும் தெரியாது."

"மம்மி, இனிக் கண்ணோ?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள் நிலா. வாய் வெட்டி முடிந்திருந்தது. கோணல் வாய், ஒரு பல் பெரிதாக. துஷி அதை விரலால் தடவிப் பார்த்து, கத்தியை எடுத்தாள். "ஓம், இப்ப வெட்டு," என்றாள்.

அப்போதுதான் மணி அடித்தது. நான் எழும்பப் போனேன். துஷி முந்திக்கொண்டாள். கையிலிருந்த கத்தியைப் பார்த்து, அதைப் பேப்பர் மேல் வைத்துவிட்டுப் போனாள். வாசலில் ஒரு சின்னப் பிள்ளை, வெள்ளைப் படுக்கை விரிப்பைப் போர்த்தபடி. இரண்டு ஓட்டைகள் மட்டும். வெளிக்கதவடியில் தகப்பன் நின்றார். இனிப்பு வேண்டுமா என்று துஷி கேட்டாள். விரிப்பு மேலும் கீழும் ஆடியது.

நான் எழுந்து அவளுக்குப் பின்னால் போய் நின்றேன்.

துஷி முழங்காலில் இருந்தாள். பெயர் என்ன என்று கேட்டுக் காத்திருந்தாள். துணிக்குள்ளிருந்து ஏதோ முனகல் வந்தது. அவள் நிமிர்ந்து தகப்பனிடம், பிள்ளைக்கு மூச்சுவிடக் கஷ்டமாக இருக்கும், ஒரு வாய் வெட்டிவிடலாமா என்று கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டே தலையசைக்கப் போனார், பிறகு "யெஸ், யெஸ், ப்ளீஸ்" என்றார்.

"நிலா," என்று துஷி உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள், "அந்தக் கத்திரிக்கோலை எடுத்துக்கொண்டு வா."

கேட்டாள், சொன்னேன். கூட்டவில்லை, குறைக்கவில்லை. உங்கள் அண்ணாவை மட்டுமல்லாமல் அந்தச் சாக்குக்குள் இருந்தவனையும் நீங்கள் இத்தனை காலம் சுமந்தீர்கள். இனி அவன் என்னிடமும் துஷியிடமும் இருப்பான், அக்கா.