குப்பையென்று ஏற்றிச் சென்ற அகலக் கதவு

அனுப்புநர்:
உரிமையாளர்,
வீடு பழுதுபார்ப்புக் கடை,
தண்ணீர்த் தொட்டி எதிரில்.

பெறுநர்:
சுகாதார அலுவலர் அவர்கள்,
நகராட்சி மண்டல அலுவலகம்.

பொருள்: திங்கட்கிழமை தங்கள் லாரி குப்பையென்று ஏற்றிச் சென்ற நாற்பது அங்குல அகலக் கதவை வெள்ளிக்கிழமைக்குள் திருப்பித் தரக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: நேற்று காலை கொடுத்த மனு, நேற்று மாலை கொடுத்த மனு.

மதிப்பிற்குரிய ஐயா,

மூன்றாவது முறையாக வணக்கம்.

1. நானும் ஒரு தச்சரும் டைல்ஸ் ஒட்டும் இரண்டு பெண்களுமாகப் பதினோரு வருடங்களாக இந்தக் கடையை நடத்திவருகிறோம். வீடு இடிக்கும் இடத்துக்குப் போய்க் கதவு, ஜன்னல், உடையாத டைல்ஸ் எல்லாவற்றையும் அலுங்காமல் கழற்றி வருவோம். இழைத்து, ஓட்டை அடைத்து, வேண்டியவர் வீட்டில் பொருத்துவோம். மிஞ்சும் சுவர்ப் பெயிண்டை ஒரே டிரம்மில் ஊற்றிவைத்து, தெருவில் யார் மதில் உரிந்திருந்தாலும் சும்மா அடித்துக் கொடுப்போம். எங்கள் தெரு முழுக்கப் பெயர் வைக்க முடியாத ஒரு நிறத்தில் இருப்பதற்கு அதுதான் காரணம். அழகு என்று சாதிக்க வரவில்லை. ஆனால் தங்கள் சாக்கடையில் எங்கள் பெயிண்ட் ஒரு சொட்டுகூட விழுந்ததில்லை.

2. திங்கட்கிழமை நான் வெளிவேலைக்குப் போயிருந்தபோது தங்கள் லாரி வந்து, கடை முன் பந்தலில் இருந்த ஏழு கதவுகளையும் ஏற்றிச் சென்றது. 'குப்பைக் குவியல்' என்ற நோட்டீஸ், ஏற்றி முடித்த பிறகே சுவரில் ஒட்டப்பட்டது.

3. எங்கள் பக்கத் தவறையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கதவுகளை ஏற்றிவிட்டதே எங்கள் தச்சர்தான். குழந்தைகள் காப்பகத்தின் கழிப்பறைகளுக்குப் பழைய கதவு கிடைக்குமா என்று போன மாதம் தங்கள் அலுவலகமே கேட்டிருந்தது. இலவசமாகவே தருகிறோம், வண்டி அனுப்புங்கள் என்று எழுதிக் கொடுத்து, ஆறு கதவுகளைச் செப்பனிட்டு வைத்திருந்தோம். லாரியைக் கண்டதும் மனுஷர் அதற்குத்தான் வந்திருக்கிறது என்று பூரித்துப்போனார். வந்தவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்து, "அண்ணே, முனை இடிபடாம பார்த்து ஏத்துங்க" என்று கூடவே தூக்கிவிட்டிருக்கிறார். குப்பைக்கு ஏன் இவ்வளவு மரியாதை என்று வந்தவர்களில் ஒருவரும் கேட்கவில்லை. ஆறுக்குமான கீல்களைப் பொட்டலம் கட்ட அவர் உள்ளே போன நேரத்தில் ஏழாவதும் ஏறி, லாரியும் கிளம்பிவிட்டது. அன்றிலிருந்து அவர் யாருடனும் சரியாகப் பேசுவதில்லை.

4. அந்த ஏழாவதுதான் அகலக் கதவு. இடித்த ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து கழற்றியது. எங்கள் பின் தெருவில் துணி தைக்கும் பெண்மணி, எனக்குத் தங்கை மாதிரி, விபத்தில் அடிபட்டு மூன்று மாதம் படுக்கையில் கிடந்து, வரும் வெள்ளிக்கிழமை சக்கர நாற்காலியில் வீடு திரும்புகிறார். அவர் வீட்டு வாசலில் அந்த நாற்காலி நுழையாது. அதனால் சுவரை உடைத்து நிலையை அகலப்படுத்திவிட்டோம். இப்போது அந்த வாசலில் சாக்குத் துணி தொங்குகிறது. அவருடைய மகள் வேலைக்குப் போகாமல் வீட்டுக்குக் காவல் இருக்கிறாள். "என்னை சிலிண்டர் மாதிரி தூக்கிட்டுப் போகக் கூடாதுக்கா, நானே உருட்டிக்கிட்டு உள்ள போவேன்" என்று அவர் போனில் சொன்னபோது, சரி என்று வாக்குக் கொடுத்தவள் நான். அந்த அளவில் புதிதாகச் செய்யப் பத்து நாள் ஆகும் ஐயா.

5. நேற்று தங்கள் அலுவலகத்தில் கால் கடுக்க நின்றேன். முதல் ஜன்னலில், "குப்பைக்குப் போனது திரும்பாதும்மா" என்றார்கள். இரண்டாவதில், அது வேறு பிரிவு என்றார்கள். மூன்றாவது ஜன்னலில் ஆளே இல்லை, மின்விசிறி மட்டும் சுற்றியது. கடைசியில், மனுவை வெளியே மேஜையில் வைத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். வைத்தேன். மாலையும் வந்து வைத்தேன்.

6. மாலையில்தான் குனிந்து பார்த்தேன். தங்கள் மனு மேஜையின் கால் உடைந்துவிட்டதாம். அதற்குப் பதிலாக இரண்டு டிரம்களின் மேல் கிடத்தியிருப்பது எங்கள் அகலக் கதவு. எங்கள் தச்சர் நீலச் சாக்கட்டியால் எழுதிய 'தையல் வீடு – வெள்ளி' என்ற எழுத்து, தங்கள் ஸ்டாம்ப் பேடுக்குப் பக்கத்தில் இன்னும் அழியாமல் இருக்கிறது. அதைத் திருப்பிக் கேட்கும் மனுவை அதன் மேலேயே இரண்டு தடவை வைத்திருக்கிறேன். எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது, கோபம் இன்னும் போகவில்லை.

7. அந்த ஆறு கதவுகளை நாங்கள் திருப்பிக் கேட்கவில்லை. அவற்றைக் காப்பகத்துக்கே அனுப்பிவையுங்கள், பிள்ளைகள் கதவில்லாத கழிப்பறைக்குப் போகிறார்கள். அகலக் கதவை மட்டும் இன்றே தர உத்தரவிட வேண்டுகிறேன். அதைக் கொடுத்துவிட்டால் மனுக்களை எங்கே வைப்பது என்ற கவலை தங்களுக்கு வேண்டாம். நேற்றிரவு எங்கள் தச்சரே உட்கார்ந்து செய்த மேஜையோடு வந்திருக்கிறேன். தூக்கிச் செல்ல ஆட்களும் வாசலில் நிற்கிறார்கள்.

கதவு கிடைக்கும்வரை நகராமல் நிற்கும்,
(ஒப்பம்)
கடை உரிமையாளர்

நாள்: புதன்கிழமை, அலுவலகம் திறக்கும் நேரம்
இடம்: தங்கள் தாழ்வாரம்

இணைப்பு:
நோட்டீஸ் நகல் – 1
காப்பகக் கதவுகளுக்காகத் தங்கள் அலுவலகம் எழுதிய கடிதத்தின் நகல் – 1
மேஜை, நான்கு கால்களுடன் – 1