நீ கேட்ட ஐந்து பேர்

செவ்வாய்க்கிழமை, மதியம்

அன்புள்ள சின்னக்குட்டிக்கு,

பாட்டி எழுதிக்கொள்வது. நான் நலம். உன் நலத்தைக் கேட்கத்தான் இவ்வளவு தாளை எடுத்து வைத்திருக்கிறேன். ஆனால் முதலில் நீ கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். போனில் நான் எதைத் தொடங்கினாலும் நீ "ஒண்ணுமில்ல பாட்டி, பஸ்ஸு வந்திருச்சு" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. வைத்தாலும் மேசைமேல் கிடந்து உன்னைப் பார்த்துக்கொண்டே இருக்கும்.

கூடைப்பந்தில் அந்தக் காலத்து ஆட்டக்காரர்கள் பெரியவர்களா, இந்தக் காலத்தவர்களா என்று உங்கள் டீம் பஸ்ஸில் சண்டை என்றாய். "எங்க பாட்டி இருபத்தாறு வருஷம் ஸ்டேடியத்துச் சலவை அறையில வேலை பார்த்தவங்க, அவங்க சொல்றதுதான் தீர்ப்பு" என்று சவால் விட்டுவிட்டாயாம். சரியான ஆளைத்தான் கேட்டிருக்கிறாய். பேப்பரில் எழுதுகிறவர்கள் எல்லாம் மேலே உட்கார்ந்து பார்த்தவர்கள். ஒருவன் உண்மையிலேயே ஓடினானா, ஓடுவதுபோல் காட்டினானா என்று அவன் பனியன் என்னிடம் சொல்லிவிடும். வியர்வையின் உப்புக் கோடு எதுவரை ஏறியிருக்கிறது என்று பார்த்தால் போதும். நீ கேட்டபடி இரண்டு காலத்திலும் சேர்த்து ஐந்து பேரை, கடைசி இடத்திலிருந்து, நான் வைத்த பட்டப்பெயரிலேயே சொல்கிறேன்.

ஐந்தாவது, சிடுமூஞ்சி. அவன் பத்துப் புள்ளி எடுத்து யாரும் பார்த்ததில்லை. ஆனால் அவன் யாரை மறித்து நின்றானோ அவனும் எடுத்ததில்லை. எதிராளிகள் பிடித்து இழுத்து இழுத்து, வாரத்துக்கு ஒரு பனியனாவது கிழிந்து வரும். "என்ன தம்பி, ஆடுனியா, அடிச்சுக்கிட்டியா?" என்பேன். "ரெண்டும் ஒண்ணுதாங்க்கா" என்பான், முகத்தில் ஒரு சுருக்கம்கூடக் குறையாமல்.

நாலாவது இடம் இந்தக் காலத்தவன் ஒருவனுக்கு. நான் தொட்டாச்சிணுங்கி என்று பெயர் வைத்திருக்கிறேனே, அவனுக்குத்தான். பக்கத்தில் யாராவது தும்மினாலே நாலு உருளு உருண்டு நடுவரைப் பார்க்கிறான். ஒவ்வொரு கூடைக்கும் ஒரு நடனம் வேறு. ஆனாலும் உள்ளதைச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்து ஆட்கள் நின்று ஷூ லேஸ் கட்டுகிற தூரத்திலிருந்து இவன் பந்தை எறிந்து வளையத்தில் படாமல் இறக்குகிறான். கீழ்வீட்டுத் தையல்காரம்மா அவனுடைய பரம ரசிகை. நான் அவனுக்கு இடம் கொடுத்தேன் என்று அவளுக்குத் தெரிந்தால் என்னைப் பேச விடமாட்டாள். சொல்லிவிடாதே.

இங்கே எழுந்துபோய் அடுப்பை அணைத்தேனா என்று பார்த்து வந்தேன். அணைத்துத்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை உன் அரையிறுதியைப் பார்த்ததிலிருந்து இப்படித்தான். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது. எழுந்தால் எதற்கு எழுந்தேன் என்று தெரிவதில்லை. உலர்ந்த துணியை மறுபடி நனைத்துத் தொலைத்தேன்.

மூன்றாவது, பரிமாறி. மற்ற நாலு பேர் தட்டிலும் போட்டுவிட்டுக் கடைசியில்தான் தனக்கு. அவன் பாஸ் கொடுத்தால் வாங்குகிறவன் கையை நீட்டவே வேண்டாம், பந்து கையைத் தேடிக்கொண்டு வரும். உன் டீமில் அந்த உயரமான பெண் இருக்கிறாளே, அவளிடம் அந்தக் குணம் கொஞ்சம் இருக்கிறது. உன்னிடம் இல்லை. கோபித்துக்கொள்ளாதே.

இரண்டாவது யார் தெரியுமா? உன் கோச்சம்மா. நீ பிறக்காத காலத்தில் அவள் இங்கே ஆடினாள். ஒரு மேட்ச்சில் கடைசி நிமிடத்தில் இரண்டு ஃப்ரீ த்ரோவையும் விட்டுவிட்டு நேரே என் அறைக்கு வந்தாள். "அக்கா, நான் கொஞ்ச நேரம் இங்க உக்காந்துக்கிறேன், யாரு கேட்டாலும் இல்லன்னு சொல்லிருங்க" என்று ஈரத் துண்டு மூட்டைமேல் உட்கார்ந்து அழுதாள். பிறகு முகம் கழுவிக்கொண்டு போய், நிருபர்களிடம் "தப்பு என்னோடதுதான்" என்று சொன்னாளாம். எத்தனையோ கூடை போட்டிருக்கிறாள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவளுக்கு இரண்டாவது இடம். உண்மையைச் சொல்கிறவர்களை அவள் கைவிட மாட்டாள். இதை நினைவில் வைத்துக்கொள்.

புதன்கிழமை, காலை

நேற்று அதோடு எழுதாமல் விட்டுவிட்டேன். முதலாவது ஆளைப் பற்றி எழுத வரவில்லை.

முதலாவது, கொக்கு. அவன் குதித்தால் கீழே இறங்க மறந்துவிட்டானோ என்று தோன்றும். என் அறை பார்வையாளர் படிகளுக்கு அடியில் இருந்தது. மேலே ஜனங்கள் காலால் தட்டும்போது கூரையிலிருந்து சுண்ணாம்பு உதிரும். அவன் ஆடுகிற நாளில் பெருக்கி முடியாது.

ஒரு வருடம், லீக் பாதியில், அவன் ஒரு துண்டுச் சுருட்டலைக் கொண்டுவந்து என் கையில் திணித்தான். உள்ளே, முழங்கால் வலிக்கு இறுக்கிக் கட்டுகிற முட்டிப் பட்டை. "அக்கா, இதைத் தனியா அலசிக் குடுங்க. டாக்டர் கண்ணுல படவேண்டாம். ஃபைனல் முடியட்டும், நானே சொல்லிடுறேன்" என்றான். எனக்குப் பெருமை தலைக்கேறிவிட்டது, குட்டி. அத்தனை பெரிய ஆட்டக்காரன், ஐந்தாவதோடு படிப்பை விட்ட என்னை நம்பி ஒன்றைச் சொல்கிறான்! யாரிடமும் மூச்சு விடவில்லை. வாராவாரம் தனியாக அலசி, கொதிகலனுக்குப் பின்னால் காயவைத்துக் கொடுத்தேன். ஒவ்வொரு வாரமும் பட்டை அதிகமாகத் தளர்ந்து வந்தது. அவன் இன்னும் இறுக்கிக் கட்டுகிறான் என்று கைக்குத் தெரிந்தது. தெரிந்தும் அலசினேன்.

ஃபைனலில் இரண்டாவது குவார்ட்டர். மேலே ஒரே இரைச்சல். திடீரென்று நின்றுபோயிற்று. அத்தனை ஆயிரம் பேர் ஒன்றாகச் சத்தமில்லாமல் போவதை நீ கேட்டதில்லை, கேட்கவும் வேண்டாம். அதற்குப் பிறகு அவன் ஆடவே இல்லை. இரண்டு வருடம் கழித்து ஒரு நாள் கைத்தடியோடு என் அறை வாசலில் வந்து நின்றான். என்னைத் திட்டுவான் என்று நினைத்தேன். "நல்லாயிருக்கீங்களா அக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனான். இதை நான் உன் தாத்தாவிடம்கூடச் சொன்னதில்லை.

இப்போது உன் விஷயம். போன மாதம் ஒரு நாள் வந்து தங்கினாயே, அன்றைக்குக் குளியலறைக் கொடியில், பெரிய துண்டுக்குப் பின்னால், ஒரு முட்டிப் பட்டை காய்ந்துகொண்டிருந்தது. கேட்டேன். "என் ரூம்ல இருக்கிற பொண்ணோடது பாட்டி" என்றாய். அவளுடையதை நீ ஏன் கையால் அலச வேண்டும், ஏன் ஒளித்துக் காயப்போட வேண்டும்? கையில் எடுத்துப் பார்த்தேன். கொக்குவின் கடைசி வாரப் பட்டை எப்படித் தளர்ந்திருந்ததோ, அப்படியே. அரையிறுதியில் ஜெயித்து எல்லாரும் உன்னைத் தூக்கினார்கள். இங்கே தெருவே கைதட்டியது. நான் உன் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு குதிப்புக்கும் இடது காலில் மட்டுமே இறங்குகிறாய்.

சனிக்கிழமை ஃபைனலுக்குத் தேசிய அணிக்கு ஆள் எடுப்பவர்கள் வருகிறார்கள் என்று எனக்குத் தெரியும். ஏழு வயதிலிருந்து நீ காத்திருக்கிற நாள் அது என்றும் தெரியும். செருப்புக் கடைக்காரர் முதல் தையல்காரம்மா வரை எல்லாரையும் நம் வீட்டுக்கு ஆட்டம் பார்க்க அழைத்து, வாடகை நாற்காலிக்கும் சொல்லிவிட்டு வந்தவள் நான்தான். பீற்றிக்கொண்டதற்கு வரும் கேலியை நான் தாங்கிக்கொள்வேன். நீ கைத்தடியோடு வந்து வாசலில் நிற்பதைத் தாங்க மாட்டேன்.

இதை விரைவுத் தபாலில் போடுகிறேன். வெள்ளிக்கிழமை காலை உன் கையில் இருக்கும். அன்றைக்குப் பயிற்சிக்கு முன்னால் கோச்சம்மாவிடமும் டாக்டரிடமும் நீயே போய்ச் சொல். டாக்டர் பார்த்துவிட்டு ஆடலாம் என்றால் ஆடு. என்னைவிட அதிகமாகக் கத்த யாரும் இருக்க மாட்டார்கள். நீ சொல்லவில்லை என்றால் சனிக்கிழமை காலை நான் கோச்சம்மாவுக்குப் போன் செய்துவிடுவேன். நம்பர் என்னிடம் இருக்கிறது. மூன்று முறை அழுத்திவிட்டு, உன் முகம் நினைவுக்கு வந்து, வைத்துவிட்டேன். நாலாவது முறை வைக்க மாட்டேன். அதற்காக நீ என்னோடு பேசாமல் போனால் போ. ஒருவன் பேச்சைக் கேட்டு வாயை மூடிக்கொண்டிருந்தது போதும்.

நீ கேட்ட ஐந்து பேரில் உன்னைச் சேர்க்கவில்லை என்று வருத்தப்படாதே. உன்னைப் பற்றி முடிவு சொல்ல எனக்கு இன்னும் பத்து வருட ஆட்டம் பார்க்க வேண்டியிருக்கிறது. அதுவரை இருக்க நான் தயார்.

சனிக்கிழமை ஆட்டம் தொடங்குமுன் டிவியில் பெஞ்சைக் காட்டுவார்கள். நீ ஆட்ட உடுப்பில் இல்லாமல் முழு பேண்ட் போட்டுக்கொண்டு அங்கே உட்கார்ந்திருந்தால், நாற்காலியில் இருக்கும் அத்தனை பேர் முன்னாலும் எழுந்து நின்று கைதட்டுவேன். அவர்களுக்குப் புரியாது. உனக்குப் புரிந்தால் போதும்.

இரண்டு கால்களிலும் இறங்கி, நூறு வயது வரைக்கும் நட, என் தங்கமே.

உன்
பாட்டி

பின்குறிப்பு: பட்டையை இனிமேல் துண்டுக்குப் பின்னால் போடாதே. எல்லாரும் பார்க்கிற இடத்தில், வெயிலில் காயப்போடு.